எட்டாவது செபஸ்தியான்

சேசு மரி சூசை

சூசையப்பர் மரவாடி,
மேற்குத் தாம்பரம்.
10-6-1968

மாப்பிள்ளை இன்னாசிமுத்து அவர்களுக்கு,

தாம்பரத்துக்கும் குருசுமேட்டுக்கும் ஆறே மைல். சைக்கிளில் முக்கால் மணி நேரம். ஆனாலும் தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் நான் கத்துவேன், என் தங்கை ஞானஜோதி குறுக்கே வந்து நிற்பாள், அப்புறம் காபியைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

கோயில் கூரைக்கு மரம் இறக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மார்ச் மாதம் போனீர். பத்து நாள் என்றீர். கைமரம் ஏறிவிட்டது, ஓடும் வேய்ந்தாயிற்று, நீர் மட்டும் திரும்பவில்லை. நேற்று நம் கிளார்க் தோத்தாத்ரி சொல்கிறார்: "சார், அவர் அங்க கோயில் ஆபீஸ்லயே டேபிள் போட்டு உக்காந்துட்டார். வெளியில 'பங்கு நிர்வாகி'ன்னு போர்டு கூட எழுதியாச்சு." இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்த கூட்டாளியைப் பற்றி நான் கிளார்க் வாயால் கேட்க வேண்டுமா?

சாமியார் ஆகிற ஆசை இருந்தால் என் தங்கையைக் கட்டுவதற்கு முன்னால் ஆகியிருக்கலாம். நாற்பத்தேழு வயசில் இது என்ன கூத்து? ஆகஸ்டில் தேக்கு ஏலம் வருகிறது. கட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே கெட்டியா பொந்தா என்று சொல்லும் காது நம் மரவாடியில் உமக்கு மட்டும்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரவும்.

இப்படிக்கு,
தைரியநாதன்


மரியே வாழ்க

பங்கு அலுவலகம், குருசுமேடு,
பொழிச்சலூர் வழி.
17-6-1968

அன்புள்ள மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இனியும் வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கடிதத்தை நீங்கள் நிதானமாகத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். கூரை வேலை நடந்தபோது ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து ரீப்பர் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கிளியம்மாள் என்று ஒரு அம்மா வந்தாள். புருஷன் ரயில்வேயில் கேங்மேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர். அவரை இங்கே அடக்கம் செய்ததற்குக் கோயில் புத்தகத்திலிருந்து ஒரு நகல் கொடுத்தால்தான் அவளுக்குப் பென்ஷன். கோயில் புத்தகங்களைப் பார்க்கும் உபதேசியாருக்குக் கண்ணில் புரை, பாவம், தேடித் தேடிக் கிடைக்கவில்லை. "இன்னா சாமி இது, நாலு தபா வந்துட்டேன். அந்த மனுசன் செத்தாரா இல்லியான்னே எனுக்கு டவுட்டு வந்துடுச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ப் புத்தகங்களை வருஷ வாரியாக அடுக்கினேன். அரை மணியில் கிடைத்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மச்சான். இத்தனை வருஷம் மரம் விற்றேன், வாங்கிப் போனவர்கள் யாரும் என் கையைத் தொட்டதில்லை. ரீப்பர் கட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுநாள் பங்குச் சாமியார் சொன்னார்: "பீடத்தை நான் பாத்துக்கறேன் இன்னாசி, ஆபீஸை நீங்க பாத்துக்குங்க." யோசிக்க நான் நேரம் கேட்கவில்லை.

இன்னொன்று. முடிச்சு விழுந்த பலகையை நாம் எப்படி அடுக்குவோம் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல பக்கம் மேலே, முடிச்சு கீழே. நம் மரவாடி ஆள் ரத்தினத்துக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். இங்கே அந்த வித்தைக்கு வேலை இல்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது.

ஞானஜோதி சௌக்கியம். காபி எப்போதும் உண்டு.

தங்கள்,
இன்னாசிமுத்து


தாம்பரம்
2-9-1968

நிர்வாகி அவர்களுக்கு,

உம்மை விட்டுவிட்டு ஏலத்துக்குப் போனேன். மூன்று கட்டை எடுத்தேன். அதில் ஒன்றை ரம்பத்தில் ஏற்றினால் உள்ளே ஆளே படுக்கலாம், அவ்வளவு பொந்து. ரத்தினம் சிரிக்கிறான்: "மொதலாளி, இத்த அறுக்க வாணாம். மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா வச்சிக்கலாம்."

உமக்கு நிம்மதி. எனக்குத் தண்ணித் தொட்டி. முடிச்சை மறைத்தது பாவம் என்று இப்போது ஞானம் வந்துவிட்டது உமக்கு. அந்தப் பலகையை விற்றுத்தான் ஐயா உம் வீட்டு அடுப்பும் எரிந்தது. மரத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத ஆள் நீர். கோயில் புத்தகத்தில் என்ன கிழிக்கப் போகிறீர் என்று நானும் பார்க்கிறேன்.

தை.


குருசுமேடு
14-10-1968

அன்புள்ள மச்சானுக்கு,

என்ன கிழித்தேன் என்று கேட்டீர்களே, கேளுங்கள்.

இங்கே ஞானஸ்நானப் புத்தகங்கள் பூச்சியரித்துப் பொடியாக உதிர்கின்றன. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது. புதுப் புத்தகம் வாங்கி, 1931 முதல் 1945 வரை அத்தனையும் என் கையாலேயே நகல் எடுத்தேன். அறுநூற்றுச் சொச்சம் பெயர். உபதேசியார் ஒரு வருஷம் ஆகும் என்றார். நான் இருபத்தாறு நாளில் முடித்தேன். சாமியார் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். மரவாடிக் கணக்குப்பிள்ளை கையெழுத்து, சும்மாவா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1941-இல் இந்தப் பக்கம் அம்மை கடுமையாகப் போட்டிருக்கிறது. ஊரே செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டதாம், அந்த வருஷத் திருநாளில் ஞானஸ்நானம் பெறும் ஆண்பிள்ளைக்கெல்லாம் அவர் பெயரே வைப்போம் என்று. ஆகவே 20-1-1941, ஒரே பக்கத்தில், பதினோரு செபஸ்தியான்! அதில் இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரும் சூசை. பிழைத்த பிள்ளைகளை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ தெரியவில்லை.

இந்தப் புத்தகத்தின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. இங்கே ஞானஸ்நானம் பெற்றவர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்த ஊர்க் கோயிலிலிருந்து நமக்கு எழுதுவார்கள். அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் அதைக் குறித்துவைப்போம். ஆகவே எவனும் இரண்டு ஊரில் இரண்டு பெண்டாட்டி கட்டிவிட முடியாது. நம் வியாபாரத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டா சொல்லுங்கள்!

தங்கள்,
இன்னாசிமுத்து


தாம்பரம்
27-12-1968

அன்புள்ள மாப்பிள்ளை,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கோபத்தை ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் பெண் அமலராணிக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் மீனம்பாக்கம் ஏரோடிராமில் மெக்கானிக். 1961-லிருந்து மூன்று வருஷம் பெங்களூரில் ட்ரெயினிங் எடுத்தவன். இப்போது பல்லாவரத்தில் வீடு, ஆனால் பூர்விகம் உம்முடைய குருசுமேடு. அம்மா சலேத்தம்மாள் இன்னும் ஞாயிறு பூசைக்கு அங்கேதான் வருகிறாள். தகப்பன் சூசை காலமாகிவிட்டார். பையன் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்: செபஸ்தியான். உம் பதினோரு பேரில் ஒருத்தன்!

முன்னால் இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போனது உமக்குத் தெரியும். பெண்ணுக்கு இருபத்து நாலு முடிகிறது. இந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது, தன் அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிப்ரவரி 12 புதன்கிழமை கல்யாணம். அதற்கு அடுத்த புதன் விபூதித் திருநாள், தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை ஒன்றும் நடக்காது. இரண்டு கோயிலிலும் ஜனவரி 19-இல் பூசையில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்க வேண்டும். பையனுடைய ஞானஸ்நானச் சான்றைப் பொங்கலுக்குள் அனுப்பவும்.

மணவறையில் தாய்மாமன் பக்கத்தில் நீரும் நிற்க வேண்டும். நிர்வாகியாக அல்ல, என் தங்கை புருஷனாக.

தைரியநாதன்


குருசுமேடு
4-1-1969

அன்புள்ள மச்சானுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

சான்று எழுதப் புத்தகத்தைத் திறந்தேன். எட்டாவது பெயர்: செபஸ்தியான், தகப்பன் சூசை, தாய் சலேத்தம்மாள். அதற்கு நேரே ஓரத்தில்: "7-5-1962, கோலார் தங்கவயல் கோயிலில் பிலோமினாளோடு விவாகம்."

பையன் அந்த வருஷங்களில் பெங்களூரில்தான் இருந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தங்கவயல் அங்கிருந்து ரயிலில் சில மணி நேரம்தான். எனக்குச் சந்தேகமே இல்லை, மச்சான். அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. நம் பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமலராணியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னாசிமுத்து


தாம்பரம்
7-1-1969

இன்னாசிமுத்து அவர்களுக்கு,

பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்! எதை ஐயா சொல்வது?

நான் மரத்தில் ஏமாந்திருக்கிறேன், மனுஷனில் ஏமாந்ததில்லை. அந்தப் பையனைப் பற்றி ஏரோடிராமில் மூன்று பேரிடம் விசாரித்தேன். பெங்களூரில் அவனோடு ஒரே அறையில் இருந்தவனையே பிடித்து விசாரித்தேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் போட்டவன். உம் புத்தகம்தான் பொய் சொல்கிறது.

நீர் ஓரத்தோடு சேர்த்து எழுதினால் தாம்பரம் சாமியார் ஓலையை நிறுத்திவிடுவார். என்ன ஏது என்று விசாரித்து முடிப்பதற்குள் தபசு காலம் வந்துவிடும், ஊர் முழுக்கப் பரவிவிடும். மூன்றாவது தடவையும் தட்டிப்போனால் என் பெண் வெளியே தலைகாட்ட மாட்டாள். பெயர், தகப்பன், தாய், தேதி, இவ்வளவு மட்டும் நகல் எடுத்து அனுப்பும். ஓரத்தைப் பூச்சி தின்றுவிட்டதாக இருக்கட்டும். ஆயிரம் பலகையைத் திருப்பி அடுக்கிய கைதானே, இன்னும் ஒன்றைத் திருப்பக் கூடாதா?

உம்மிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தைரியநாதன்


குருசுமேடு
9-1-1969

மச்சான்,

மாட்டேன்.

நீங்கள் கெஞ்சினது என் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் நாளைக்கு எவளோ ஒரு பிலோமினாள் இடுப்பில் பிள்ளையோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், ஓரத்தைத் தின்ற பூச்சி நான்தான் என்று அமலராணியிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? உங்கள் திருப்திக்காகத் தங்கவயல் சாமியாருக்கு எக்ஸ்பிரஸ் தபால் போட்டிருக்கிறேன், அந்த மணமகன் யார், தாய் பெயர் என்ன என்று கேட்டு. பதில் வந்தால் நான் எழுதியதுதான் இருக்கும். பாருங்கள்.

இன்னாசிமுத்து


தாம்பரம்
13-1-1969

திரு. இன்னாசிமுத்துவுக்கு,

தபால் போட்டவர் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நேற்றுப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில், பத்துப் பேர் காதுபட, சலேத்தம்மாளிடம் கேட்டீராம், "உங்க மகனுக்குத் தங்கவயல்ல ஒரு சம்சாரம் இருக்காமே?" என்று. அந்த அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். அவள் விதவை ஐயா. ஒரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள்.

சாயங்காலம் பையன் வந்தான். கத்தவில்லை. "சார், எங்கம்மா ரெண்டு வேளையா சாப்பிடல. இப்படிக் கேட்ட வீட்ல பொண்ணு எடுக்க வேணாங்கறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றான். அமலராணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவன் போன பிறகு வெளியே வந்து, "அப்பா, அவர் பொய் சொல்லல. மாமாகிட்ட இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க" என்றாள். அழக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அவளுக்காக எழுதுகிறேன். இன்னொரு தடவை பாரும். அதோடு நமக்குள் பேச்சு முடிந்தது.

தைரியநாதன்


குருசுமேடு
16-1-1969

மச்சானுக்கு,

தப்பு என்னுடையது. பையனிடமும் தப்பில்லை, பழைய புத்தகத்திலும் இல்லை. என் கை செய்த தப்பு.

இன்று காலை தங்கவயலிலிருந்து பதில் வந்தது. அந்தச் செபஸ்தியானின் தாய் அந்தோணியம்மாள். சின்னப் பிள்ளையிலேயே இங்கிருந்து போனவன், சுரங்கத்தில் வேலை, மூன்று குழந்தைகள். நான் நகல் எடுத்த பிறகு மூட்டை கட்டிப் பரணில் போட்ட பழைய புத்தகத்தை இறக்கிப் பிரித்தேன். ஓரக்குறிப்பு ஒன்பதாவது செபஸ்தியானுக்கு நேரே இருக்கிறது. தகப்பன் பெயர் சூசை, தாய் அந்தோணியம்மாள். தெளிவாகவே இருக்கிறது. நான்தான் பலகை அடுக்குகிற வேகத்தில் பெயர்களை அடுக்கி, ஒரு வரி மேலே தூக்கி எழுதியிருக்கிறேன். இருபத்தாறு நாளில் முடித்தேன் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேனே, அந்த இருபத்தாறு நாளில் ஒரு நாள் செய்த வேலை இது. என் எழுத்தை நானே வேதமாக நம்பி ஒரு தாயை மண்ணில் உட்கார வைத்துவிட்டேன்.

ஆபீஸ் சாவியைச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "சாவிய அப்புறம் பாப்போம். வாசல்ல கேட்டத வாசல்லயே திருப்பி வாங்கணும் இன்னாசி" என்றார்.

நேரே பல்லாவரம் போனேன். சலேத்தம்மாள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே சொன்னேன். பையன் மட்டும் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். "நாயித்துக்கிழமை அம்மா பூசைக்கு வருவாங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு பூசையில், பிரசங்கத்துக்கு முன்னால், சபை முன் நின்று சொல்லப்போகிறேன். ஓரத்தில் குறிப்பில்லாத சுத்தமான சான்று இதனுடன் இருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஞானஜோதி வாசிக்க நான் எழுதியது. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அமலராணியிடம் சொல்லுங்கள், அவள் பார்க்கச் சொன்னதுதான் சரி என்று.

இன்னாசிமுத்து


தாம்பரம்
20-1-1969

மாப்பிள்ளை,

நேற்று நானும் குருசுமேட்டுக்கு வந்திருந்தேன். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். நீர் அவமானப்பட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே கையைப் பிடித்து மரவாடிக்கு இழுத்து வந்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீர் இரண்டு புத்தகத்தையும் தூக்கிக் காட்டி, "இது பழசு, சரியா இருக்கு. இது நான் எழுதினது, இதுல தப்பு இருக்கு. சலேத்தம்மா, உங்க மகன் மேல ஒரு குத்தமும் கிடையாது. பத்துப் பேர் முன்னால கேட்டேன், இருநூறு பேர் முன்னால மன்னிப்புக் கேக்கறேன்" என்றீர். அந்த அம்மா எழுந்தாள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உம்மைப் பார்க்காமல் சாமியாரைப் பார்த்து, "சரி சாமி, நேரமாவுது, ஓலையப் படிங்க" என்றாளே! நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் ஒரு அம்மா, "இன்னாத்துக்கு அழுவுற? ஓலதான் படிக்கிறாங்க" என்றாள். அவள்தான் உம் கிளியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் நீர் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மழையில் ஊறின மரத்தை விற்றுவிட்டு, உங்கள் ஆசாரிக்கு இழைக்கத் தெரியவில்லை என்று வாங்கினவனையே திட்டி அனுப்பிய ஆள் நீர். அந்த இன்னாசி எனக்கு ஏலத்துக்கு வேண்டும், வருஷத்துக்கு நாலு நாள் அனுப்பிவையும். நேற்று நின்ற இன்னாசி அங்கேயே இருக்கட்டும். மரவாடி மேசைக்கு முன்னாலிருந்த உம் நாற்காலியை எடுத்துவிட்டேன். கோபத்தில் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் லாரியில் ஒரு அலமாரி வரும், புத்தகங்களைப் பூச்சிக்குக் கொடுக்காமல் வைக்க. தண்ணித் தொட்டி ஆகாமல் தப்பித்த தேக்கு. கதவுப் பலகையில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. ரத்தினம் வழக்கம்போல உள்பக்கம் திருப்பினான். வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னேன்.

தைரியநாதன்


மரியே வாழ்க

குருசுமேடு
13-2-1969

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று மணவறைப் பக்கத்தில் நின்றதில் கால் இன்னும் வலிக்கிறது. சலேத்தம்மாள் என் இலைக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினாள். பேசவில்லை. பாயசம் போதும்.

ஞானஜோதியும் நானும் அறுநூறு பெயரையும் மறுபடி ஒப்பிட்டு முடித்தோம். இன்னும் இரண்டு தப்பு அகப்பட்டது, இரண்டும் திருத்தியாயிற்று. இந்தத் தடவை இருபத்தேழு... இல்லை, எத்தனை நாளில் முடித்தேன் என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

தாம்பரம் சாமியாரின் கடிதம் இன்று காலை வந்தது. 1941-ஆம் வருஷப் பக்கத்தைத் திறந்தேன். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்தேன். இந்தப் பக்கம் சாமியாரையும் அந்தப் பக்கம் உங்கள் தங்கையையும் நிறுத்திக்கொண்டேன். தாய் பெயரை உரக்கப் படித்தேன். "எட்டுதாங்க, எழுதுங்க" என்றாள் ஞானஜோதி.

எழுதினேன்: 12-2-1969, தாம்பரம், அமலராணியோடு விவாகம்.

தங்கள்,
இன்னாசிமுத்து